வங்கிக்காரரிடம் கணக்குக் கேட்பது: கடன் பிரிவில் இருந்தவரின் குறிப்புகள்

வங்கியோ லீசிங் கொம்பனியோ தனக்கு அநியாயம் செய்துவிட்டது என்று வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, "கையில் என்ன கடதாசி இருக்கு?" என்பதுதான். சிலருக்கு அது பிடிப்பதில்லை. நடந்ததைச் சொல்லி ஆறத்தான் வந்திருப்பார்கள். ஆறட்டும், தேத்தண்ணியும் தருகிறேன். ஆனால் சட்டப்படி ஒருவரைப் பதில் சொல்ல வைக்கவேண்டும் என்றால் கடதாசியில்தான் தொடங்கவேண்டும்.

நான் சட்டத்தரணி இல்லை. வன்னியில் ஒரு வங்கியின் கிளைகளில், பெரும்பாலும் கடன் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இப்போது பரந்தன் பக்கம் இருக்கிறேன். ஒரு கடன் கோவை எப்படி உருவாகிறது, எந்த இடத்தில் கோணுகிறது என்பது தெரியும். சட்டத்தரணியின் படியேற முன் நீங்களே செய்யக்கூடிய வேலைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2009க்குப் பிறகு ஏ9 வீதியின் இரு பக்கமும் வங்கிக் கிளைகளும் நிதிக் கொம்பனிகளும் எப்படி முளைத்தன என்பதை இங்கே இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். மீளக்குடியேறி, தகரக் கொட்டிலில் இருந்த சனத்திடம் உழவு இயந்திரமும் முச்சக்கர வண்டியும் லீசிங்கில் வந்து சேர்ந்தன. பெண்களுக்குக் குழுக் கடன், கிழமைக்குக் கிழமை அறவீடு. 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன் எடுத்துக் கட்டமுடியாமல் போன பெண்களின் கடனை அரசாங்கமே பொறுப்பெடுப்பதாக அறிவிக்கும் அளவுக்கு அது போனது.

முதலில் உங்கள் பிரச்சினை எந்த வகை என்று பிரியுங்கள். உங்கள் சொந்தக் கடனில் நடந்த பிழை ஒன்று. உங்கள் பெயரில் உள்ள பங்குக் கணக்கில் புரோக்கர் விளையாடியது இன்னொன்று. வங்கியின் தலைமையில் இருப்பவர்கள் வைப்பாளரின் காசை வேண்டியவர்களுக்குக் கடனாகக் கொடுத்ததோ, உதவாத பங்குகளில் போட்டதோ மூன்றாவது. மூன்றுக்கும் கதவு வேறு. ஊரில் பலர் மூன்றாவது வகைக் கோபத்தைக் கொண்டுபோய், கிளையில் பணம் எண்ணும் பிள்ளையிடம் கொட்டுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது.

இன்னொன்றையும் நேராகச் சொல்லவேண்டும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் வயல் அழிந்து தவணை கட்டமுடியாமல் போனது துயரம்தான், ஆனால் அது வங்கி செய்த குற்றம் இல்லை. அதற்குக் கடனை மறுசீரமைத்துத் தரும்படி கேட்கவேண்டும். மோசடி என்று முறைப்பாடு எழுதினால், உண்மையான மோசடி இருந்தாலும் அதையும் நம்ப மாட்டார்கள்.

கடதாசி சேர்ப்பது

கடன் அனுமதிக் கடிதம், ஒப்பந்தம், பிணைப் பத்திரம், தவணை அட்டவணை, கட்டிய ஒவ்வொரு பற்றுச்சீட்டு. இவ்வளவும் வேண்டும். இல்லாவிட்டால் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பிரதி எடுங்கள். புலிகள் நடத்திய தமிழீழ வைப்பகத்தில் நகை ஈடு வைத்த எத்தனையோ பேரிடம் இன்று சீட்டு இல்லை, முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு வந்தார்கள். போர் முடிவில் கிடைத்து இராணுவம் தன்னிடம் வைத்திருந்த நகைகளை 2025 மே மாதம் பொலிஸிடம் ஒப்படைத்த செய்தி வந்தபோது எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பெட்டி கிளறினார்கள். அந்த அனுபவம் உள்ள சனமும் லீசிங் பற்றுச்சீட்டைக் கூரைச் சிலாகையில் செருகி வைக்கிறது என்றால் எனக்குக் கோபம் வரும்.

அதோடு கிரிப் (CRIB) என்ற கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையும் எடுங்கள். இந்தப் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தது. உங்கள் பெயரில் என்ன கடன் உண்டு, யாருக்குப் பிணை நின்றிருக்கிறீர்கள் என்பதெல்லாம் அதில் வரும். நீங்கள் எடுக்காத கடன் ஒன்று உங்கள் பெயரில் இருப்பது அங்கேதான் தெரியவரும். பிழை இருந்தால் திருத்தச் சொல்லிக் கேட்கலாம்.

கோவை கைக்கு வந்ததும் எதைப் பார்ப்பது? எழுத்துகளைவிட முதலில் கையெழுத்துகளைப் பாருங்கள். நிரப்பாத படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு நிரப்புவது பழைய பழக்கம். "அக்கா, இதில மட்டும் ஒரு கையெழுத்து வையுங்கோ, மிச்சத்தை நாங்க நிரப்புறம்." உங்கள் கையெழுத்து ஒரு மையிலும் தொகை வேறு மையிலும் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தது வருமானப் பகுதி. இடியப்பம் அவித்து விற்கும் பெண்ணுக்கு மாத வருமானம் 60,000 ரூபாய் என்று எழுதியிருந்தால், கடன் இலக்கை முட்டுவதற்காக அலுவலர் கணக்கு ஊதியிருக்கிறார் என்று அர்த்தம். கட்டமுடியாது என்று தெரிந்தே கொடுத்த கடன் என்று வாதாட இந்த ஒரு வரி பெரிய ஆதாரம். ஈடு வைத்த சொத்தின் மதிப்பீட்டு அறிக்கையையும் இதே கண்ணோடு பாருங்கள்.

பிறகு வட்டி. பிளாட் ரேட் 20 வீதம் என்று சொல்லி ஒரு லட்சம் தருகிறார்கள் என்று வையுங்கள். ஒரு வருடம், மாதம் 10,000 வீதம் 12 தவணை, மொத்தம் 1,20,000. கேட்க 20 வீதம்தான். ஆனால் முதல் மாதமே நீங்கள் முதலைத் திருப்பிக் கட்டத் தொடங்கிவிட்டீர்கள். வட்டியோ கடைசி வரை முழு லட்சத்துக்கும் ஓடுகிறது. குறைந்து வரும் நிலுவைக்குக் கணக்குப் போட்டால் உண்மையான வருட வட்டி 41 வீதத்தைத் தொடும். ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முதலிலேயே வெட்டிக்கொண்டு கையில் 92,000 மட்டும் தந்தால் அது இன்னும் ஏறும். ஒப்பந்தத்தில் எந்த வீதம் எழுதியிருக்கிறது, வாயால் எதைச் சொன்னார்கள் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பிணையாளிகளுக்கு ஒரு சொல். "அவர் கட்டாட்டித்தானே என்னட்ட வருவினம்" என்று நினைத்துத்தான் எல்லோரும் கையெழுத்து வைக்கிறார்கள். வழக்கமான பிணைப் பத்திரத்தில், முதலில் கடனாளியிடம் அறவிடு என்று கேட்கும் உரிமையையும், மற்றப் பிணையாளிகளோடு பங்கிட்டுக் கொடு என்று கேட்கும் உரிமையையும் விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி இருக்கும். அந்த வரி இருந்தால் வங்கி நேரே உங்களிடம் வரலாம், முழுத் தொகையும் கேட்கலாம். உங்களுக்கு விளங்காத மொழியில் அதை வைத்துக் கையெழுத்து வாங்கியிருந்தால் அதையும் எழுதுங்கள்.

கடிதம்

முதல் முறைப்பாடு எப்போதும் நிறுவனத்துக்கே போகவேண்டும். அதைச் செய்யாமல் மத்திய வங்கிக்கு எழுதினால் திருப்பி அங்கேயே போகச் சொல்வார்கள். கிளை முகாமையாளருக்கு எழுதி, தலைமை அலுவலக முறைப்பாட்டுப் பிரிவுக்கு ஒரு பிரதி, இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

இப்படி எழுதலாம்:

"எனது கடன் இலக்கம் … . இதுவரை நான் செலுத்திய தொகைகளை முதல், வட்டி, தாமதக் கட்டணம், ஏனைய கட்டணம் எனப் பிரித்து முழு விவரமாகத் தமிழில் தரவும். நான் கையெழுத்திட்ட எல்லா ஆவணங்களின் பிரதிகளையும் தரவும். விண்ணப்பத்தில் எனது மாத வருமானம் எனக் குறிப்பிட்டுள்ள தொகை நான் கூறியதல்ல. அதை எழுதியவர் யார், எந்த ஆதாரத்தில் எழுதினார் என்பதை அறியத் தரவும். இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தருமாறு வேண்டுகிறேன்."

இவ்வளவு போதும். சாபம், அரசியல், பிள்ளைகளின் படிப்பு எதுவும் வேண்டாம். முக்கியமாக, "நான் இன்னும் இவ்வளவு தரவேண்டியது உண்மை" என்று ஒரு வரி எழுதிவிடாதீர்கள். எழுத்திலான ஒப்பந்தத்தில் வழக்குப் போட 6 வருடம், ஈடு இருந்தால் 10 வருடம் என்று காலவரையறைச் சட்டம் சொல்கிறது. கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடும். பழைய கடன்களில் நிறுவனம் "ஒரு சின்னத் தொகையாவது கட்டுங்கோ" என்று கெஞ்சுவதற்குப் பின்னால் சில நேரம் இதுவும் இருக்கும்.

எந்தக் கதவு

பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் மழுப்பல் என்றால், இலங்கை மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம். தொலைபேசி 1935. 2023ஆம் ஆண்டின் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளைக் கடிதத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். அதைக் கண்டால் நிறுவனங்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். வாடிக்கையாளரின் முறைப்பாட்டை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம், அங்கேயும் நிறுவனத்துக்கு முதலில் எழுதிய கடிதத்தைக் கேட்பார்கள்.

மத்திய வங்கியின் மேற்பார்வை எல்லோருக்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் என்றால் மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தி ஆணையாளரிடம் போகவேண்டும். எந்தப் பதிவும் இல்லாமல் வட்டிக்குக் கொடுக்கிறவர் என்றால் அவருக்கு ஒம்புட்ஸ்மன் எல்லாம் கிடையாது, மத்தியஸ்த சபையும் பொலிஸும்தான்.

பொலிஸுக்கு எதற்குப் போவது? கையெழுத்துப் போலி, நீங்கள் எடுக்காத கடன், கட்டிய காசைக் கணக்கில் போடாமல் அலுவலர் எடுத்தது, அறவிட வந்தவர் மிரட்டியது, அடித்து வாகனத்தைப் பறித்தது. இவை குற்றவியல் விடயம். வட்டி கூட என்பதற்குப் பொலிஸிடம் போனால் "இது சிவில் பிரச்சினை" என்று அனுப்பிவிடுவார்கள், அவர்கள் சொல்வது சரிதான். கடன் பெற்றுத்தரக் கமிஷன் கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு, தொலைபேசி 1954. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்துக்குப் பிறகு தனியார் நிறுவன ஊழியர் வாங்குவதும் அதற்குள் வரும்.

ஒரேயொரு விடயத்தில் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் நிறுவனம் வழக்குப் போட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் இருந்து வருவது சாதாரண அழைப்பாணை இல்லை. உங்களுக்கு எதிரான நிபந்தனைத் தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டு வரும். குறித்த தவணையில் சத்தியக் கடதாசியோடு போய், எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்டுப் பெற்றால்தான் உங்கள் கதையை நீதிமன்றம் கேட்கும். போகாவிட்டால் அது முடிந்த தீர்ப்பு. "வயல் வெட்டு முடியட்டும்" என்று வைத்திருந்து, பிறகு நல்ல ஆதாரங்களோடு வந்து நின்றவர்களைக் கண்டிருக்கிறேன். மனம் சுட்டது, செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

வங்கிகளுக்கு இதைவிடக் கூரான ஆயுதமும் உண்டு. அதே வருடத்தின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, பணிப்பாளர் சபை ஒரு தீர்மானம் எடுத்து, ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமலே ஏலம் விடலாம். பராட்டே என்பது இதுதான். பத்திரிகையிலும் வர்த்தமானியிலும் அறிவித்தல் வரும். அரசாங்கம் பேர்மிட்டில் கொடுத்த காணியில் இருப்பவர்கள் கவனிக்கவேண்டியது, அந்தக் காணியை நினைத்தபடி ஈடு வைக்க முடியாது. அதை வைத்துக் கடன் எழுதியிருந்தால் பிரதேச செயலகத்தில் அது செல்லுமா என்று முதலில் விசாரியுங்கள்.

பங்குக் கணக்கு

வன்னியில் பங்குக்காரரா என்று சிரிக்காதீர்கள். போர் முடிந்த பிறகு கொழும்புப் பங்குச் சந்தை ஏறிய ஏற்றத்தில், 2011 தொடக்கத்தில் சுட்டெண் 7,000ஐத் தாண்டி நின்றபோது, ஆசிரியர்களும் வெளிநாட்டுக் காசு வந்த வீட்டாரும் இங்கிருந்தும் போட்டார்கள். 2012 நடுப்பகுதியில் அது 5,000க்குக் கீழே வந்தது. விலை விழுந்ததற்கு யார் மீதும் வழக்கில்லை. ஆனால் நீங்கள் சொல்லாத பங்கை உங்கள் கணக்கில் வாங்கியது, கமிஷனுக்காக வாங்கி விற்று, வாங்கி விற்று உருட்டியது, உங்களுக்கு விளக்காமல் கடனில் பங்கு வாங்கிவிட்டுப் பிறகு விற்றுத் தீர்த்தது, இவற்றுக்குப் பதில் கேட்கலாம்.

பங்கு புரோக்கரின் பெட்டிக்குள் இல்லை, சி.டி.எஸ். என்ற மத்திய வைப்புத் தொகுதியில் உங்கள் பெயரில் பதிவாகி இருக்கிறது. அங்கிருந்து நேரடியாகக் கணக்கு அறிக்கை எடுங்கள். புரோக்கர் தந்த வாங்கல் விற்றல் குறிப்புகளை அதோடு ஒப்பிட்டு, நீங்கள் சொல்லாத ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் திகதியோடு அடையாளமிடுங்கள். அந்தத் திகதியில் உங்களுக்கு வந்த அழைப்பு, வட்ஸ்அப் செய்தி இருந்தால் படம் எடுத்து வையுங்கள். புரோக்கர் நிறுவனத்தில் விதிகள் மீறப்படாமல் பார்க்கும் ஒழுங்கிணக்க அலுவலருக்கு முதல் கடிதம். சரிவராவிட்டால் பங்குச் சந்தைக்கும், பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவுக்கும். 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அந்த ஆணைக்குழுவுக்கு, குற்றவியல் வழக்கு மட்டுமன்றி சிவில், நிருவாக நடவடிக்கை எடுக்கும் வலுவையும் கொடுத்தது. உள்வீட்டுத் தகவலை வைத்து வியாபாரம் செய்வதும், விலையைச் செயற்கையாக ஏற்றுவதும் அதன் கீழ்தான் வரும்.

"எல்லாம் நானே பார்த்துக்கொள்ளுறன், நீங்கள் சும்மா இருங்கோ" என்று சொன்னவரிடம் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம் ஏதும் உண்டா என்றும் பாருங்கள். அப்படி ஒன்றில் கையெழுத்து வைத்திருந்தால் வாதம் மெலிந்துவிடும்.

பெரிய இடத்துப் பிழை

2012 ஏப்ரலில் தேசிய சேமிப்பு வங்கி, த ஃபினான்ஸ் கம்பனியின் 13 வீதப் பங்குகளை ஒரு பங்கு 49.75 ரூபாய் என்று வாங்கியது. சந்தையில் அதன் விலை அதைவிட நன்றாகக் குறைவு. மொத்தம் 39 கோடி ரூபாய் அளவு. எதிர்ப்பு எழுந்தபின் அந்தக் கொடுக்கல் வாங்கல் கைவிடப்பட்டது. அந்தக் கொம்பனியின் அனுமதிப்பத்திரத்தை 2020 மே மாதம் மத்திய வங்கி ரத்துச் செய்தது. தேசிய சேமிப்பு வங்கிப் புத்தகம் எங்கள் ஊரில் பிள்ளை பிறந்தவுடன் திறப்பது. அந்தக் காசை வைத்து எடுத்த முடிவு அது என்று நினைத்துப் பார்த்தால், "எங்களுக்கும் பங்குச் சந்தைக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்கத் தோன்றாது.

இப்படிப்பட்ட விடயத்தில் தனி ஆள் என்ன செய்யலாம்? அரச வங்கி என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழில் எழுதலாம், 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கேள்வியைச் சின்னதாக வெட்டிக் கேளுங்கள். "ஏன் இந்தப் பங்கை வாங்கினீர்கள்" என்றால் கட்டுரை எழுதி அனுப்புவார்கள். வாங்கிய திகதி, விலை, எத்தனை பங்கு, எந்தப் புரோக்கர், அவருக்குக் கொடுத்த கட்டணம், அனுமதித்த கூட்டத்தின் திகதி என்று கேளுங்கள். இன்னொரு வாடிக்கையாளரின் கடன் விவரத்தைக் கேட்டால் வங்கிச் சட்டத்தின் 77ஆம் பிரிவைக் காட்டி மறுப்பார்கள். அதனால் பெயர் கேட்காமல் மொத்தத் தொகைகளைக் கேளுங்கள்.

தனியார் வங்கிக்குத் தகவல் உரிமைச் சட்டம் பொருந்தாது. அங்கே ஒரு பங்கு வைத்திருந்தாலே ஆண்டறிக்கை கிடைக்கும், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். ஆண்டறிக்கையின் முன்பக்கத்துப் படங்களை விட்டுவிட்டுப் பின்னால் போய், தொடர்புடைய தரப்பினருடனான கொடுக்கல் வாங்கல் என்ற குறிப்பைப் படியுங்கள். பணிப்பாளர்களுக்கும் அவர்களது கொம்பனிகளுக்கும் கொடுத்த கடன் அங்கேதான் ஒளிந்திருக்கும். பங்குதாரர் கொம்பனியின் சார்பில் பணிப்பாளர்கள் மீது வழக்குப் போடவும் 2007ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டம் வழி வைத்திருக்கிறது, நீதிமன்ற அனுமதியோடு. செலவு பெரிது, தனியே இறங்க வேண்டாம்.

அரச நிறுவனத்தின் செயலால் உங்கள் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்றால் உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள் பொதுமக்கள் நம்பிக்கையை மீறினார்கள் என்று 2023 நவம்பர் 14இல் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்ததும் இந்த வழியில்தான். மனுதாரர் ஒவ்வொருவருக்கும் 1,50,000 ரூபாய் வழக்குச் செலவு கொடுக்கச் சொன்னார்கள். நாட்டுக்கு நடந்ததோடு பார்த்தால் அது காசே இல்லை. ஆனாலும் பெயர் சொல்லிப் பொறுப்பு என்று எழுதிய தீர்ப்பு எங்களுக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

இவ்வளவும் சேர்த்தபிறகு சட்டத்தரணியிடம் போங்கள். வருமானம் குறைவு என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள். நடந்ததைத் திகதி வரிசையில் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போனால் பாதி நேரம் மிச்சம். மூலப் பத்திரங்களைக் காட்டிவிட்டுக் கையோடு திருப்பி வாங்குங்கள், பிரதிகளைக் கொடுங்கள். கட்டணம் எவ்வளவு, எந்தத் தவணைக்கு எவ்வளவு என்று அவரிடமும் எழுத்தில் கேளுங்கள். நல்ல சட்டத்தரணி கோபிக்க மாட்டார்.